மீதி ரெஜிஸ்டர் எங்கே போச்சு?

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் வைவாவில் எங்கள் டீம் மாட்டிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கருத்து சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஊர் போடி. அப்ப ப்ராஜெக்ட் எதுல இருக்கும்? ஏலக்காயில்தான். டீமில் ஒருத்தனுடைய பெரியப்பாவுக்கு போடிமெட்டு தாண்டி, பூப்பாறை பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. கூடவே காய் உலர்த்துகிற ஸ்டோரும் உண்டு. பச்சைக்காயை சுமார் 50 டிகிரி சூட்டில் நிதானமாக உலர்த்த வேண்டும். சூடு ஏறிவிட்டால் காய் வெடிக்கும், பச்சை நிறம் போகும், போடியிலோ புத்தடியிலோ ஏலத்துக்குப் போகும்போது விலை விழும். ராத்திரி முழுக்க ஒரு ஆள் கண் விழித்து சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அதை எஃப்பிஜிஏ-வில் பண்ணுவோம் மாப்ள" என்று ஆரம்பித்தோம். (ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போதுமே என்கிறீர்களா? போதும். ஆனால் பாடம் விஎல்எஸ்ஐ.)

டிசைன் எளிமையானது. வெப்ப சென்சாரிலிருந்து 12 பிட் ஏடிசி வழியாக அளவு வரும். கடைசி 8 அளவுகளை வைத்துக்கொண்டு சராசரி எடுப்போம். சராசரி குறைந்தால் ஹீட்டர் ஆன், கூடினால் ஆஃப். போர்டு உயிரோடு இருக்கிறது என்று காட்ட ஒரு எல்இடி மினுக்கும். ஹீட்டருக்குப் பதிலாக டெமோவில் இன்னொரு எல்இடி.

டெமோ அருமையாகப் போனது. ரூமில் 30 டிகிரிதான், அதனால் ஹீட்டர் எல்இடி எரிந்தது. சரிதானே? ரிப்போர்ட்டில் "மிகக் குறைந்த வளப் பயன்பாடு: 41 ரெஜிஸ்டர்கள் மட்டும்" என்று தடித்த எழுத்தில் போட்டு, சீனியர்களின் ப்ராஜெக்ட்டோடு ஒப்பிட்டு ஒரு பார் சார்ட்டும் வரைந்திருந்தோம். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, எத்தனை சாம்பிள் சேர்த்து வைக்கிறீங்க?"

"எட்டு சார்."

"ஒவ்வொண்ணும்?"

"பன்னிரண்டு பிட் சார்."

"எட்டுப் பன்னிரண்டு?"

"தொண்ணூத்தாறு சார்."

"மொத்த டிசைன்ல எத்தனை ரெஜிஸ்டர்னு எழுதியிருக்கீங்க?"

மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். அவர் திட்டவில்லை. "மீதி எங்க போச்சுன்னு பாத்துட்டு வாங்க" என்று சொல்லி அடுத்த டீமைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் பேப்பரை எடுத்து முதல்முறையாகக் கையால் கணக்குப் போட்டோம். மினுக்கும் எல்இடி-யின் கவுன்டர் 27. ஏடிசி-க்கு கிளாக் கொடுக்கும் பகுதி 13. ஹீட்டர் 1. ஏடிசி-யிலிருந்து ஒவ்வொரு பிட்டாக வாங்கும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் 12. சாம்பிள்கள் 96. எட்டையும் கூட்டி வைக்கும் ரெஜிஸ்டர் 15. ஆக மொத்தம் 164. போர்டுக்குள் போனது 41. நான்கில் மூன்று பங்கு காணோம். முதல் மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 27, 13, 1. சரியாக 41. அதாவது எங்கள் "ஏலக்காய் உலர்த்தி" உண்மையில் ஒரு மினுக்கும் விளக்கு. ஏடிசி-க்கு கிளாக் அடித்துக்கொண்டே இருக்கும், அது சொல்லும் பதிலைக் காதில் வாங்காது. ஹீட்டரை எப்போதும் ஆன் செய்தே வைத்திருக்கும்.

இதைப் பெரியப்பாவின் ஸ்டோரில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

டூல் இதை மறைக்கவில்லை என்பதுதான் கொடுமை. லாகில் "அன்யூஸ்டு சீக்வென்ஷியல் எலிமென்ட் ... வாஸ் ரிமூவ்டு" என்று, சிந்த் 8-6014 என்ற எண்ணோடு, ரெஜிஸ்டர் பெயரையும் போட்டுத் தெளிவாகவே சொல்லியிருந்தது. நாங்கள்தான் மஞ்சள் நிறத்தில் இருப்பதெல்லாம் படிக்க வேண்டியதில்லை என்று நினைத்தோம். சிவப்பு வந்தால்தானே பிட்ஸ்ட்ரீம் வராது?

டூல் ஏன் நீக்குகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம், ஏனென்றால் நம்மில் பலர் இதை ஏதோ மாயம் மாதிரி நினைக்கிறோம். சிந்தசிஸ் டூல் நம் கோடை நாம் படிப்பது போல மேலிருந்து கீழே மட்டும் படிப்பதில்லை. வெளியே போகும் பின்னில் நின்றுகொண்டு பின்னோக்கி நடக்கும். இந்த பின்னுக்கு யார் மதிப்பு கொடுக்கிறார்? அவருக்கு யார்? இப்படிப் போகும் வழியில் எந்த ரெஜிஸ்டரையும் தொடாமல் முடிந்துவிட்டால், அந்த ரெஜிஸ்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால் எடுத்துவிடும். ஒன்றை எடுத்தால் அதற்கு மட்டும் மதிப்பு கொடுத்துக்கொண்டிருந்தவரும் வேலை இல்லாதவர் ஆகிறார். சீட்டுக்கட்டு மாதிரி சரிந்துகொண்டே போகும். 3 பிட் கவுன்டர் எழுதி அதன் கடைசி பிட்டை மட்டும் வெளியே கொடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு ஃபிளிப்-ஃப்ளாப்தான் மிஞ்சும், ஏனென்றால் கடைசி பிட் தன்னைத்தானே மாற்றிக்கொள்ள மற்ற இரண்டும் தேவையே இல்லை.

எங்கள் டிசைனில் சரிவு ஆரம்பித்த இடம் ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக். டாப் மாட்யூலில் சராசரியை ஒப்பீட்டுப் பகுதியோடு இணைக்கும் வயரின் பெயரில் இரண்டு எழுத்து இடம் மாறிவிட்டது. வெரிலாக் ரொம்ப நல்லவர். அறிவிக்காத பெயரை போர்ட்டில் கொடுத்தால் "சரி, இது ஒரு 1 பிட் வயர்" என்று தானே எடுத்துக்கொள்ளும். அந்த வயர் எங்கேயும் போகவில்லை, ஆகவே அதற்கு முன்னால் இருந்த 123 ரெஜிஸ்டரும் அனாதை. சரியான பெயருள்ள வயருக்கோ யாருமே மதிப்பு கொடுக்கவில்லை, ஆகவே டூல் அதை 0 என்று கட்டிவிட்டது. 0 டிகிரி என்றால் குளிர், ஹீட்டர் ஆன். மாட்யூல்களைத் தனித்தனியாக சிமுலேட் செய்தபோது எல்லாம் ஓகே. டாப் மாட்யூலை சிமுலேட் செய்ய "டைம் இல்லை". (விஎச்டிஎல் எழுதுகிறவர்கள் சிரிப்பது கேட்கிறது. அவர்கள் டூல் இதைக் கம்பைலே செய்திருக்காது. நமக்கும் ஒரு வழி இருக்கிறது: ஃபைலின் தலையில் டிஃபால்ட் நெட்டைப்பை நன் என்று போட்டால், அறிவிக்காத பெயர் எரராகிவிடும்.)

ஆனால் அந்த ஸ்பெல்லிங்கை நாங்கள் உடனே கண்டுபிடிக்கவில்லை. அதற்கு முன்னால் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"டேய், டோன்ட் டச் போடுடா, நின்னுரும்" என்றான் ஒருத்தன். டோன்ட் டச் என்பது டூலிடம் "இதில் கை வைக்காதே" என்று சொல்லும் அட்ரிபியூட். சீனியர்கள் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிக் கொடுத்துவரும் நாட்டு வைத்தியம். எல்லா ரெஜிஸ்டருக்கும் போட்டோம். மறுபடி ஓட்டினோம். ரிப்போர்ட்டில் 164! கையால் போட்ட கணக்கோடு அச்சு அசலாகப் பொருந்தியது. கைதட்டி, டீ குடிக்கப் போனோம். திரும்பி வரும்போது ஒருத்தன் சும்மா விளையாட்டாக சூடான டீ கிளாஸை சென்சாரில் வைத்தான். ஹீட்டர் எல்இடி அணையவே இல்லை.

நம்பர் சரியாகிவிட்டது, நோய் அப்படியே இருந்தது. 123 ரெஜிஸ்டர்களும் பத்திரமாக உள்ளே இருந்து, யாரும் படிக்காத சராசரியைப் போட்டுக்கொண்டிருந்தன. முன்பாவது லாகில் ஒரு வார்னிங் இருந்தது. நாங்கள் அதையும் வாயை அடைத்துவிட்டோம்.

என் கருத்து இதுதான்: நீக்கப்பட்ட ரெஜிஸ்டர் பட்டியலைப் படித்து, ஒவ்வொன்றும் ஏன் போனது என்று ஒரு வரி எழுதாமல் எந்த எஃப்பிஜிஏ ரெக்கார்டுக்கும் கையெழுத்துப் போடக்கூடாது. சிமுலேஷன் அலைவடிவத்தையும் யூட்டிலைசேஷன் டேபிளையும் ஒட்டினால் மார்க் என்ற பழக்கம், நம்மை மினுக்கும் விளக்குகளைக் கட்டவிட்டு, அதற்கு "குறைந்த பரப்பளவு" என்று பெயர் வைக்கச் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள், நாங்கள் பயன்படுத்திய பேசிஸ் 3 போர்டில் இருப்பது 41,600 ஃபிளிப்-ஃப்ளாப். எங்கள் முழு டிசைனும் அதில் அரை சதவீதம்கூட இல்லை. யாருக்காக மிச்சம் பிடித்தோம்? வேலை செய்யாத டிசைன்தான் எப்போதுமே மிகக் குறைந்த இடத்தைப் பிடிக்கும். ரீசெட்டைத் தலைகீழாகக் கட்டி, டிசைன் முழுக்க நிரந்தரமாக ரீசெட்டிலேயே நின்றால் ரெஜிஸ்டர் கிட்டத்தட்ட 0 ஆகிவிடும். அந்த பார் சார்ட்டில் நாங்கள் முதலிடம் பிடித்திருக்கலாம்.

"அதெல்லாம் முடியாதுப்பா, வார்னிங் முந்நூறு வரும்" என்று சொல்வீர்கள். வரும். ஐபி கோர் சேர்த்தால் இன்னும் வரும். அதில் பெரும்பாலானவை நமக்குத் தேவையில்லாத வசதிகளை டூல் நியாயமாகவே கழித்தது. எல்லாவற்றையும் படிக்கச் சொல்லவில்லை. நம் கையால் எழுதிய ஃபைல்களின் பெயர் வரும் வரிகளை மட்டும் படியுங்கள். மூன்றாம் வருஷ டிசைனுக்கு அது ஒரு பக்கம் தாண்டாது. இன்னொரு விஷயம், ஒரே வகை மெசேஜ் 100 தடவை வந்ததும் விவாடோ மேற்கொண்டு அச்சடிப்பதை நிறுத்திவிடும். ஆகவே "லாகில் இல்லையே" என்பதை நம்பாதீர்கள், லிமிட்டைக் கூட்டிவிட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ரன் கொடுப்பதற்கு முன்பே எத்தனை ரெஜிஸ்டர் வர வேண்டும் என்று ஒரு பேப்பரில் எழுதிவிடுங்கள். எங்களுக்கு அது பத்து நிமிஷ வேலை. எக்ஸாமினர் அதை மனசிலேயே போட்டார்.

நம்பர் குறைந்தாலே தப்பு என்றும் இல்லை. ரீசெட் இல்லாமல் நீளமான ஷிஃப்ட் ரெஜிஸ்டர் எழுதினால் டூல் அதை ஃபிளிப்-ஃப்ளாப்பில் வைக்காமல் எல்யூடி-க்குள் சுருட்டி வைத்துவிடும். காணாமல் போகவில்லை, வீடு மாறியிருக்கிறது. அதனால்தான் எண்ணிக்கை மட்டும் போதாது, காரணம் வேண்டும் என்கிறேன்.

காரணத்தைக் கேட்கும் விஷயத்தில் குவார்ட்டஸ் எனக்குப் பிடிக்கும். சிந்தசிஸ் முடிந்ததும் "ரெஜிஸ்டர்ஸ் ரிமூவ்டு ட்யூரிங் சிந்தசிஸ்" என்று ஒரு தனி டேபிளே கொடுக்கும். பக்கத்துக் கட்டத்தில் காரணம் இருக்கும். "லாஸ்ட் ஃபேன்அவுட்" என்றால் இதை யாரும் படிக்கவில்லை. "ஸ்டக் அட் கிரவுண்ட்" என்றால் இது என்றைக்கும் 0-விலிருந்து நகராது. "மெர்ஜ்டு வித்" என்றால் இதே வேலையை இன்னொன்றும் செய்கிறது, இரண்டு எதற்கு என்று ஒன்றாக்கிவிட்டேன். எங்கள் கேஸில் முதல் காரணமும் இரண்டாவதும் ஒரே வயரின் இரண்டு முனை. இந்த டேபிள் கண்ணுக்கு முன்னால் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் பிடித்திருப்போம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது காரணம்தான் பெரிய ஆட்களையும் கவிழ்ப்பது. விண்வெளிக்குப் போகும் சுற்றுகளில் கதிர்வீச்சு பட்டு ஒரு பிட் புரண்டுவிடலாம் என்பதற்காக ஒரே ரெஜிஸ்டரை மூன்று பிரதி வைத்து, பெரும்பான்மை எது என்று ஓட்டெடுப்பார்கள். டூலின் கண்ணுக்கு மூன்றும் ஒன்று. இரண்டைத் தூக்கிவிடும். ஓட்டெடுப்பு நடக்கும், ஆனால் ஓட்டுப் போடுவது ஒரே ஆள். ரிங் ஆசிலேட்டர் கட்டுகிறவர்களுக்கும் இதே கதி: வரிசையாக ஐந்து இன்வெர்ட்டர் போட்டால், லாஜிக் படி ஒன்று போதுமே என்று சுருக்கிவிடும். இங்கெல்லாம் டோன்ட் டச் போடுவது நியாயம், கட்டாயமும்கூட. டூலுக்குத் தெரியாத ஒரு காரணம் நமக்குத் தெரியும், அதை அதனிடம் சொல்கிறோம். குவார்ட்டஸில் இதற்கே இரண்டு சொல் இருக்கிறது. ஒரே மாதிரி இருப்பதால் சேர்த்துவிடாதே என்பதற்கு ப்ரிசர்வ். யாரும் படிக்காவிட்டாலும் இருக்கட்டும் என்பதற்கு நோப்ரூன். ப்ரிசர்வ் போட்டும் என் ரெஜிஸ்டர் காணாமல் போகிறது என்று புலம்புகிறவர்கள், அதை யாராவது படிக்கிறார்களா என்று பாருங்கள். காரணம் தெரியாமல் மாத்திரை போட்டால் இப்படித்தான்.

நோப்ரூனில் இருக்கும் ப்ரூன் என்ற சொல்லுக்கு நம் மலையில் கவாத்து என்று பெயர். ஏலச்செடியில் காய்த்து ஓய்ந்து, காய்ந்த தட்டைகளை அறுத்து எடுப்பார்கள். சரம் வருவது தட்டையின் அடியிலிருந்து. மேலே மஞ்சளாக இருக்கிறதே என்று புதுசாக வந்தவன் கத்தியை வைத்தால் பெரியப்பா சத்தம் போடுவார். குனிந்து அடியைப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட் சமாச்சாரம், நிஜ உலகில் யார் இப்படி என்று கேட்பவர்களுக்கு, நம்ம பக்கத்து மலையையே காட்டுகிறேன். தேவாரம் தாண்டி பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலை. நியூட்ரினோ ஆய்வகத்தைக் குடைந்து வைக்கத் திட்டமிட்ட இடம். அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு சண்டை. வழக்குகளும் நடந்தன, 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பும் தெரிவித்தது. நான் பார்ப்பது அதன் எலெக்ட்ரானிக்ஸை மட்டும். ஐகால் என்ற அந்த இரும்புக் கருவியில் 28,800 உணர்கலங்கள் வைப்பதாகத் திட்டம். ஒவ்வொன்றிலும் 128 சேனல். பெருக்கினால் கிட்டத்தட்ட 37 லட்சம். ஒவ்வொரு கலத்தின் ஓரத்திலும் ஒரு போர்டு, அதில் சைக்ளோன் 4 எஃப்பிஜிஏ என்பது அவர்கள் வெளியிட்ட வடிவமைப்பு. அதன் சிறிய முன்மாதிரி, 85 டன் எடையில், மதுரையில் இருக்கிறது. சைக்ளோன் 4 என்றால் குவார்ட்டஸ். அதாவது நாம் பார்க்காமல் விடும் அதே டேபிள் அவர்களுக்கும் வரும். அந்த போர்டின் வேலைகளில் ஒன்று, ஒவ்வொரு சேனலிலும் சும்மா வரும் இரைச்சல் எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருப்பது. கண்காணிக்க மட்டும் இருக்கும் இந்த மாதிரி கவுன்டர்களை இணைப்பதில் ஒரு வயர் தவறினால் பிரதான வேலை நடந்துகொண்டேதான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஒரே டிசைன் 28,800 போர்டிலும் ஏறும் என்றால் ஒரு எழுத்துப் பிழையும் 28,800 தடவை ஏறும். அப்படி ஒரு இடத்தில் வேலை கேட்டு நாளைக்கு நம்மில் யாராவது போய் உட்கார்ந்தால், "41 ரெஜிஸ்டர் மட்டும் சார்" என்று சொல்ல முடியாது.

லீவில் பெரியப்பாவைப் பார்க்க மேலே போயிருந்தோம். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஜீப்பில். ப்ராஜெக்ட் கதையைச் சொன்னதும் அவர் சிரித்தார். போடியில் காய் பொறுக்கக் கொடுக்கும்போது நல்ல காயை மட்டும் வாங்கி வருவதில்லையாம். ஒதுக்கின குவியலையும் கேட்டு வாங்கிப் பார்ப்பாராம். "வெடிச்சது எவ்வளவு, நிறம் செத்தது எவ்வளவுன்னு பாத்தாத்தான்டா அன்னைக்கு ராத்திரி ஸ்டோர்ல என்ன நடந்துச்சுன்னு தெரியும். நல்ல காய் ஒண்ணும் சொல்லாது."

பெயரைத் திருத்தி, டோன்ட் டச் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ரீ-ரிவ்யூவுக்குப் போனோம். டீ கிளாஸையும் கொண்டு போனோம், எல்இடி அணைந்தது. மொத்த ரெஜிஸ்டர் 161. கையால் போட்ட 164 வரவில்லை. தப்பான டிசைன் கணக்கோடு பொருந்தியது, சரியான டிசைன் பொருந்தவில்லை! இந்தத் தடவை பயப்படாமல் பட்டியலைத் திறந்தோம். போனது கூட்டுத்தொகை ரெஜிஸ்டரின் கடைசி 3 பிட். எட்டால் வகுத்துச் சராசரி எடுக்கிறோம், அந்த 3 பிட் வகுத்தலின் மீதி, அதை யாரும் படிப்பதில்லை.

இப்போது எங்கள் ரிப்போர்ட்டில் பார் சார்ட் இருந்த இடத்தில் "நீக்கப்பட்டவை" என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வரி. பக்கத்தில் பேனாவால்: "எட்டால் வகுத்த மீதி. தேவையில்லை. போகட்டும்."